24 அங்குலமா, 30 அங்குலமா? வேனிட்டி வாங்குவதற்கு முன் குனிந்து பாருங்கள்

கேள்வி, மார்ச் 2

குளியலறை 5 அடிக்கு 7 அடி. இப்போது இருப்பது பீங்கான் கால் வைத்த பழைய பேசின். அதை எடுத்துவிட்டு, கீழே அலமாரியோடு வரும் வேனிட்டி யூனிட் வைக்கலாம் என்று இருக்கிறோம். மூலைச் சுவரிலிருந்து கம்மோடின் நடுக்கோடு வரை சரியாக 45 அங்குலம். 30 அங்குல யூனிட் உட்காருமா, இடிக்குமா? 24 எடுத்தால் சாமான் வைக்க இடம் பத்தாது என்று வீட்டில் சொல்கிறார்கள். வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பதில், மார்ச் 2, இரவு

30 எடுங்கள். கம்மோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கத்தில் இருக்கும் எதற்கும் குறைந்தது 15 அங்குலம் விட வேண்டும் என்று பல கட்டட விதிகளில் இருக்கிறது. 45இல் 15 போனால் 30. அளந்து செய்த மாதிரி உட்காரும். என் வீட்டிலும் 30தான், 6 வருடமாக இருக்கிறது. 24இல் பேசின் போக இரண்டு பக்கமும் பல் துலக்கும் பிரஷ் நிற்க இடம் இருந்தால் பெரிது.

மார்ச் 3, காலை

நேற்று எழுதியதை விட்டுவிடுங்கள். படுத்த பிறகுதான் உறைத்தது.

30 அங்குலம் என்று விற்பது அலமாரிப் பெட்டியின் அகலம். மேலே உட்காரும் கல் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். என்னுடையதை இப்போது டேப் வைத்து அளந்தேன், 31. அது போகட்டும், சுவர் நேராக இருக்கிறதா? என் குளியலறையில் மூலையிலிருந்து எதிர்ச்சுவர் வரை தரையில் ஒரு அளவு, இடுப்பு உயரத்தில் அதைவிட அரை அங்குலம் குறைவு. டைல்ஸ் ஒட்டியவர் மேலே போகப் போகப் பூச்சைக் கனமாகக் கொடுத்திருக்கிறார். 45 என்று நீங்கள் அளந்தது எந்த உயரத்தில்? தரையில் அளந்திருந்தால் கல் வரும் உயரத்தில் இன்னொரு முறை அளங்கள்.

அப்புறம் அந்த 15 அங்குலம் என்பது 'இதற்குக் கீழே போகாதே' என்கிற அளவு, உட்கார வசதியான அளவு இல்லை. வசதியாக இருக்க 18 வேண்டும். 45இல் 18 போனால் 27. 27 அங்குலத்தில் யூனிட் தேடி அலையாதீர்கள். ஆயத்தமாகக் கிடைப்பவை பெரும்பாலும் 18, 24, 30, 36, 48, 60 என்றுதான் போகும். ஆக 24. வீட்டில் என்ன சொன்னாலும் 24.

மார்ச் 3, மதியம்

முக்கியமானதைக் கேட்கவே இல்லை. குளியலறைக் கதவு உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா?

மார்ச் 5

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: கதவு உள்ளே திறக்கிறது, இப்போதைய பேசினின் விளிம்பை இரண்டு விரல் இடைவெளியில் தாண்டிப் போகிறது.

அப்படியானால் மூன்று நாளாக நாம் அகலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததே வீண். உங்களுக்குப் பிரச்சினை ஆழம். வழக்கமான வேனிட்டி சுவரிலிருந்து 21 அங்குலம் முன்னால் வரும். கால் வைத்த பேசின் பெரும்பாலும் அதைவிடக் குறைவு, அதுவும் முன்பக்கம் வளைந்திருக்கும், அந்த வளைவில்தான் உங்கள் கதவு நழுவிப் போகிறது. சதுர மூலை வைத்த 21 அங்குலப் பெட்டியைக் கொண்டு வந்து வைத்தால் கதவு பாதி திறந்து நிற்கும், நீங்கள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைவீர்கள்.

18 அங்குல ஆழத்தில் வருகிறது, தேடினால் 16இலும் கிடைக்கும். கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள், குளியலறைக் கதவின் குமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாமல் விளிம்பில் விரல் விட்டு இழுக்கிற மாதிரி இருந்தால் நல்லது. யூனிட்டுக்கு முன்னால் நிற்க 21 அங்குலமாவது வேண்டும், 30 இருந்தால் குனிந்து முகம் கழுவலாம். உங்கள் அறை 60 அங்குல அகலம், 18 போனாலும் 42 மிச்சம், அதில் கவலை இல்லை.

கதவையே வெளியே திறக்கிற மாதிரி மாற்றலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மாற்றலாம். வெளியே யார் நடந்து போகிறார்கள் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

மார்ச் 5, இரவு

செய்தித்தாளை யூனிட் அளவுக்கு வெட்டித் தரையில் ஒட்டிப் பார்க்கச் சொல்லும் யோசனை எல்லா இடத்திலும் வருகிறது. நானும் செய்தேன். ஒன்றும் பிரயோஜனமில்லை, தாளை மிதித்துக்கொண்டு ஜாலியாக நடந்தோம். தாளுக்கு மூலை கிடையாதே, இடுப்பில் இடிப்பது மூலைதான். அதன்பின் மனைவி பழைய அட்டைப் பெட்டிகளை அடுக்கி, டேப் சுற்றி, முழு உயரத்துக்கு ஒரு பொய் வேனிட்டி செய்து வைத்தாள். இரண்டே நாளில் அட்டையின் ஒரு மூலை மட்டும் நசுங்கிப் போயிருந்தது. இரவில் விளக்குப் போடாமல் போகிறவன் நான்தான். கல்லின் அந்த மூலையை மட்டும் வளைத்து அறுக்கச் சொன்னோம்.

மார்ச் 8

சரி, தலைப்பில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். குனிந்து பாருங்கள். இப்போதைய பேசினுக்கு அடியில் தண்ணீர் எங்கே போகிறது? சுவருக்குள்ளா, தரைக்குள்ளா?

இது ஏன் என்றால், நான் 6 வருடத்துக்கு முன் வாங்கியது இரண்டு டிராயர் வைத்தது. கடையில் மேல் டிராயரை இழுத்தேன், சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. தள்ளிவிட்டால் கடைசி இரண்டு அங்குலம் தானாக மெதுவாகப் போய் மூடிக்கொண்டது. அதில் மயங்கிவிட்டேன். கடையில் அந்த பேசினுக்கு அடியில் குழாயே கிடையாது என்பதை நான் கவனிக்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

வீட்டில் பொருத்தும்போது பிளம்பர் டிராயரை உள்ளே தள்ளினார். முக்கால்வாசி போய் டொக் என்று நின்றது. பாட்டில் ட்ராப் (பேசினுக்கு அடியில் கழிவுக் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் குடுவை) நடுவில் நிற்கிறது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் புத்தம்புது டிராயரின் பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது மேல் டிராயரில் வைக்க முடிவது சீப்பு, நகவெட்டி, அவ்வளவுதான். நடுவில் பெரிய பள்ளம். முறையாகச் செய்த யூனிட்டில் டிராயரின் நடுவில் குழாய்க்காக ஒரு வளைந்த வெட்டு முன்கூட்டியே இருக்கும். வாங்கும்போது டிராயரை முழுக்க வெளியே எடுத்து அந்த வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் குழாய் இருக்கும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டிய அளவுகள்: தரையிலிருந்து கழிவுக் குழாயின் நடு வரை, மூலையிலிருந்து அதே நடு வரை, அப்புறம் இரண்டு ஆங்கிள் காக்குகளும் (பேசினுக்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வுகள்) எங்கே இருக்கின்றன, சுவரிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன. டேப்பைச் சுவரில் வைத்துக்கொண்டே போனில் படம் எடுத்துவிடுங்கள். காகிதத்தில் எழுதினால் எது எது என்று கடையில் நின்று குழம்புவோம்.

மார்ச் 8, கொஞ்சம் கழித்து

ட்ராப்பையே எடுத்துவிட்டு நேராகக் குழாயைச் செருகினால் டிராயருக்கு இடம் கிடைக்குமே என்று கேட்டவருக்கு: வேண்டாம். ட்ராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை மேலே வராமல் அடைத்து வைத்திருக்கிறது. இரண்டு அங்குல உயரத் தண்ணீர் செய்கிற வேலை அது. ஊருக்குப் போய் வெகுநாள் கழித்துத் திரும்பினால் குளியலறை நாறுவதும் அந்தத் தண்ணீர் காய்ந்து போவதால்தான். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

மார்ச் 11

கேட்டவரின் படம் பார்த்தேன். குழாய் தரைக்குள் போகிறது. நல்லவேளை கேட்டோம்.

தரைக் குழாய் என்றால் டிராயர் யூனிட் கிட்டத்தட்ட அவுட், குழாய் மேலிருந்து கீழ் வரை நடுவில் தூண் மாதிரி நிற்கும். இரண்டு கதவு வைத்த அலமாரிதான் சரி. அடிப்பலகையில் ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அதில்தான் என் பணம் போனது.

சுவரில் தொங்கும் யூனிட் வாங்கலாம், தரை முழுக்கத் தெரிந்தால் அறை பெரிதாகத் தோன்றும் என்று முதல் வாரம் இங்கே ஒருவருக்கு நான் தனியாகச் சொன்னேன். தரைக் குழாய் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. யூனிட்டுக்குக் கீழே திறந்த இடத்தில் குழாய் தனியாக இறங்கிக்கொண்டிருக்கும், அழகாக இருக்காது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றத் தயார் என்றால் வேறு கதை.

மார்ச் 12

ஓட்டை.

யூனிட் எம்டிஎஃப்பா, பார்ட்டிகிள் போர்டா, பிளைவுட்டா என்று எல்லோரும் சண்டை போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, பார்ட்டிகிள் போர்டு மரத்தூளும் சீவலும் சேர்த்து அழுத்தியது. இரண்டுக்கும் முகப்பில் மைக்காவோ பெயின்டோ இருக்கும்வரை தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, துடைத்தால் போயிற்று. விளிம்பில்தான் ஆபத்து. தொழிற்சாலையில் விளிம்புக்கெல்லாம் பட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். நம் வீட்டுக்கு வந்த பிறகு பிளம்பர் குழாய்க்காக ஒரு வட்டம் அறுக்கிறார் இல்லையா, அந்த வட்டத்தின் உள்விளிம்பு பச்சையாக, திறந்து கிடக்கிறது. அதை யாரும் மூடுவதில்லை.

என் யூனிட்டில் ஆங்கிள் காக்கின் நட்டில் கசிவு. சொட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, விரலால் தடவினால் ஈரம் தெரியும், அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து ஏதோ தேடுவதற்காகக் கீழ் டிராயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டேன், அடிப்பலகை மேடாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டையைச் சுற்றிப் பலகை நனைந்த புத்தகத்தின் ஓரம் மாதிரி இதழ் இதழாக விரிந்து உப்பியிருக்கிறது. நகத்தால் கீறினால் தூள் வருகிறது. மேலே மைக்கா மட்டும் புதுசாகப் பளபளவென்று. எம்டிஎஃப் உப்பினால் காய வைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தச்சரைக் கூப்பிட்டு அடிப்பலகையை மட்டும் மாற்றினேன்.

இந்த முறை பலகை வைப்பதற்கு முன் நானே பக்கத்தில் நின்று, அறுத்த விளிம்பு முழுக்க வார்னிஷ் இரண்டு கோட் அடிக்க வைத்தேன், காய்ந்த பிறகு குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் சிலிகான் பசை. பத்து நிமிட வேலை. தச்சர் சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 12, இரவு

அப்போ பிளைவுட்தான் வாங்க வேண்டுமா என்றால், முடிந்தால் ஆம், கொதிநீர் தாங்கும் பசையில் ஒட்டியதாகப் பார்த்து. ஆனால் விளிம்பை மூடாத நல்ல பிளைவுட்டை விட விளிம்பை ஒழுங்காக மூடிய சாதாரணப் பலகை பரவாயில்லை என்பது என் கட்சி. பிவிசி போர்டு தண்ணீருக்கு அசையாது, சரிதான். அதில் திருகாணி பிடிப்பு பிளைவுட் அளவுக்கு வராது, கீல் நாளடைவில் ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் காலை வாரும்.

மார்ச் 15

இரண்டு பேசின் வேண்டும் என்று கேட்டவருக்கு: 60 அங்குலம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 48இல் இரண்டைத் திணித்தால் இருவர் தோளும் இடிக்கும், நடுவில் பொருள் வைக்க இடமும் போகும்.

மார்ச் 17

உயரம். இதை யாருமே கேட்கவில்லை, எனக்கு வருத்தம்.

பழைய யூனிட்கள் 30 முதல் 32 அங்குலம் வரை இருந்தன, இப்போது வருபவை பல 34 முதல் 36. உயரமானவர்களுக்கு முதுகு தப்பிக்கும். எங்கள் வீட்டில் நான் உயரம், அம்மா குள்ளம். புது யூனிட்டைப் பொருத்திய அன்று அம்மா முகம் கழுவிவிட்டு வந்தார், ரவிக்கைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. பேசின் விளிம்பு உயரமாக இருந்தால் கையைத் தூக்கி அள்ள வேண்டியிருக்கிறது, தண்ணீர் முன்கையில் இறங்கி முழங்கையில் சொட்டுகிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. தினமும் அதிகம் புழங்குபவரை நிற்க வைத்து, ஒரு பலகையை வெவ்வேறு உயரத்தில் பிடித்து, வெறும் கையால் முகம் கழுவுகிற மாதிரி செய்யச் சொல்லிப் பாருங்கள். பார்ப்பவர் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கல்லின் மேல் கிண்ணம் மாதிரி உட்காரும் பேசின் படத்தில் அழகு. கிண்ணமே 5 அங்குலம் இருக்கும். 34 அங்குல யூனிட்டில் வைத்தால் விளிம்பு 39க்குப் போய்விடும், குழந்தைகள் ஏணி வைத்துத்தான் வாய் கொப்பளிக்க வேண்டும். கிண்ணம்தான் வேண்டும் என்றால் அலமாரி 28, 29 என்று இறங்க வேண்டும், குழாயும் உயரமான கழுத்து வைத்ததாக மாற வேண்டும். கிண்ணத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு இடுக்கு வரும் பாருங்கள், அதில் சேரும் அழுக்கை எடுக்கப் பழைய பல் பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறாள் என் தங்கை.

மார்ச் 18

குழாய் என்றதும் ஞாபகம். தண்ணீர் விழும் இடம் பேசினின் வடிகால் பக்கமாக இருக்க வேண்டும். குழாயின் மூக்கு குட்டையாக இருந்தால் தண்ணீர் பின்சரிவில் விழும், கை கழுவும்போது விரல் பீங்கானில் இடிக்கும். நீளமாக இருந்தால் முன்சரிவில் விழுந்து சட்டையில் தெறிக்கும். நெம்புகோல் மாதிரி பின்னால் தள்ளும் குழாய் என்றால் அது சுவரில் இடிக்காமல் முழுக்கப் போகிறதா என்றும் பாருங்கள். 18 அங்குல ஆழ யூனிட்டில் இது நிஜமாகவே இடிக்கும்.

மார்ச் 18, மறுபடியும்

வேஸ்ட் கப்ளிங்கில் (பேசினின் வடிகால் ஓட்டையில் மாட்டும் இணைப்பு) இரண்டு வகை உண்டு. பேசினில் நீர் நிறைந்தால் வழிந்து போக மேலே சின்ன ஓட்டை இருந்தால், கப்ளிங்கின் பக்கத்திலும் துளை இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஓட்டையில் போகும் தண்ணீருக்கு வழி கிடையாது. பேசினில் ஓட்டை இல்லையென்றால் துளை இல்லாத கப்ளிங். மாற்றிப் போட்டுவிட்டு இரண்டு நாள் கசிவைத் தேடியவர்களை எனக்குத் தெரியும். (ஒருவரைத்தான் தெரியும். நான்தான்.)

மார்ச் 22

மேலே எந்தக் கல் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மார்பிள் என்றால் புளிப்பான எது பட்டாலும் தடம் விழும், அமிலம் கலந்த கிளீனர் ஒரு துளி போதும், பளபளப்பு போய் மங்கிய வட்டம். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டது, தேய்த்தால் போகாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகானையும் மார்பிளுக்கு வைக்கக் கூடாது, அதிலும் வருவது அமிலம்தான். வாடை இல்லாத நியூட்ரல் வகை வாங்குங்கள். கிரானைட், குவார்ட்ஸ் இரண்டும் குளியலறைக்குத் தாராளம். குவார்ட்ஸில் பசை கலந்திருப்பதால் சூடான முடி நேராக்கியை அதன்மேல் வைக்காதீர்கள்.

நிறம் உங்கள் இஷ்டம். கறுப்புப் பளபளப்பில் காய்ந்த நீர்த்துளி தெரியும், வெள்ளையில் முடி தெரியும். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு, சாம்பல் நிறம் எடுத்தோம்.

மார்ச் 23

தொங்கும் யூனிட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் போல, ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். சுவரில் குழாய் இருப்பவர்கள் தாராளமாக வைக்கலாம், உயரத்தையும் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், கால்விரல் உள்ளே போவதால் கிட்டே நின்று கழுவலாம். கெட்டியான செங்கல் சுவரா, உள்ளே வெற்றிடம் உள்ள சுவரா என்று தட்டிப் பாருங்கள். யூனிட், கல், பேசின், உள்ளே இருக்கும் சாமான், அதன்மேல் கை ஊன்றிச் சாய்கிற நாம், எல்லாம் அந்த நாலு போல்ட்டில்தான். வெற்றுச் சுவர் என்றால் உள்ளே குறுக்குக் கட்டை வைத்த பிறகுதான் மாட்ட வேண்டும். கீழே 8 அங்குலமாவது விடுங்கள், துடைப்பான் போக வேண்டும். 4 அங்குலம் விட்டு மாட்டிய ஒரு வீட்டில் பார்த்தேன், அடியில் விழுந்த சோப்பு அடியிலேயே வசிக்கிறது.

ஏப்ரல் 6

கேட்டவர் முடித்துவிட்டாராம். 24 அகலம், 18 ஆழம், 32 உயரம், இரண்டு கதவு. அடிப்பலகை ஓட்டைக்கு வார்னிஷ் அடித்த படத்தையும் போட்டிருக்கிறார், கண்ணுக்குக் குளிர்ச்சி. கதவு ஒரு விரல் இடைவெளியில் தாண்டுகிறதாம். இடம் பத்தாது என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்களாம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு 4 அங்குல ஆழ அலமாரி மாட்டுங்கள், பாட்டில்கள் எல்லாம் அங்கே ஏறிவிடும்.

ஏப்ரல் 6, இரவு

அவர் படத்தைப் பார்த்துவிட்டு எனக்கே சந்தேகம் வந்து, கீழ் டிராயரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகை தட்டையாக இருக்கிறது. ஆங்கிள் காக்கின் அடியில் விரல் வைத்தால் ஈரம். ஸ்பானர் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடிவிட்டு வருகிறேன்.